விதித்தவர் பெயர் இல்லாத விதி: ஆங்கிலத்தின் ஊழ்ச் சொற்கள்

நேர்முகத் தேர்வில் தோற்றவரிடமும், காதல் முறிந்தவரிடமும், விரும்பிய வீடு கைநழுவிப் போனவரிடமும் ஆங்கிலேயர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: 'இட் வாஸன்ட் மென்ட் டு பி'. கேட்பவர் தலையசைப்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இலக்கணக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இது செயப்பாட்டு வினை. அப்படி நடக்கவேண்டும் என்று 'எண்ணப்படவில்லை' என்கிறது. யாரால்? அந்த இடம் காலி. கோயில், சர்ச் எதற்கும் போகாதவரும் கூசாமல் சொல்வார். யார் எண்ணவில்லை என்று திருப்பிக் கேட்டால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்.

இந்தக் காலியிடம் ஒரே நாளில் உண்டானதல்ல. ஆங்கிலத்தில் விதியைக் குறிக்கும் சொற்களில் பலவற்றுக்குத் தொடக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி, வாய் திறந்து பேசிய தெய்வம், எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்ட கடவுள் என்று யாராவது ஒருவர். நூற்றாண்டுகள் போகப்போக ஆள் மறைந்தார், சொல் நின்றது. தற்செயலைக் குறித்த சொற்களோ எதிர்த் திசையில் நடந்தன. பகடை விழுந்ததைக் குறித்தவை இன்று மகிழ்ச்சி, வாய்ப்பு, செல்வம் என்று மனிதருடைய உடைமைகளாகிவிட்டன.

மிகப் பழைய சொல்லிலிருந்து தொடங்கலாம். இன்று 'வியர்ட்' என்றால் விசித்திரமானது, ஒரு மாதிரியானது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதையான 'வுர்ட்' விதிக்கே பெயர். 'ஆதல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. ஆகிவந்தது எதுவோ அது வுர்ட். வடதிசைப் புராணங்களில் உலக மரத்தின் வேரடியில் இருந்துகொண்டு மனிதர்களின் ஆயுளை வகுக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியான உர்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

சுமார் 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஏட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பேயோவுல்ஃப்' காப்பியத்தில், இரவுக் கடலில் பூதங்களோடு போராடிப் பிழைத்த கதையை நாயகன் சபையில் சொல்கிறான். இடையே ஒரு வரி வருகிறது: சாவு குறிக்கப்படாத வீரனை, அவனுடைய துணிவு தளராதபோது, வுர்ட் பலமுறை காப்பாற்றிவிடுகிறது. இதை நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். தர்க்கப்படி பார்த்தால் இது வட்டமடிக்கிறது. சாவு குறிக்கப்படாதவன் என்றால் துணிவு எதற்கு? துணிவு காப்பாற்றும் என்றால் குறிப்பு எதற்கு? அந்த வீரர்கள் தத்துவம் பேசவில்லை, படகில் ஏறும்முன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார்கள். விதியையும் முயற்சியையும் ஒரே மூச்சில் நம்புவது மனிதர்களுக்குப் பெரிய சிரமமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்த வரியில் 'சாவு குறிக்கப்பட்டவன்' என்பதற்கு வரும் சொல் இன்றைய 'ஃபே'. ஸ்காட்லாந்தில் அந்தப் பொருளோடு அது நெடுங்காலம் வாழ்ந்தது. சாகப்போகிறவனிடம் திடீரென்று தோன்றும் இயல்புக்கு மாறான உற்சாகத்தைக் கண்டு, அவன் ஃபே ஆகிவிட்டான் என்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது தேவதைக் கதை மனிதர்களைப்போல நளினமாக, கொஞ்சம் இவ்வுலகம் சாராமல் இருப்பதைக் குறிக்கிறது. தேவதையைக் குறிக்கும் 'ஃபேரி' என்ற சொல்லின் ஒலி ஒற்றுமையும் இந்தக் குழப்பத்துக்கு உதவியது.

கிறித்தவம் வந்தபின் வுர்டுக்கு மேலே ஒரு மேலதிகாரி அமர்த்தப்பட்டார். சுமார் 524ஆம் ஆண்டில் மரண தண்டனைக்கு ஆளான ரோமானிய அறிஞர் போயத்தியஸ், சிறையிலிருந்து எழுதிய நூலில் விதியையும் கடவுளின் முன்னறிவையும் பிரித்துக் காட்டினார். 899இல் இறந்த ஆல்ஃபிரட் மன்னருடையதாக மரபு சொல்லும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதை எளிமையாக்கிவிட்டது. கடவுளின் மனத்தில் இருக்கும்வரை அது முன்னெண்ணம். நிறைவேறியபின் அதையே நாம் வுர்ட் என்கிறோம். பழைய சொல்லைத் தூக்கி எறியாமல், எண்ணியவர் கடவுள், நடந்தது வுர்ட் என்று அதற்கு ஒரு கீழ்ப்பதவி கொடுத்திருக்கிறார்கள். இதில் காலியிடம் எதுவும் இல்லை.

இந்தச் சொல் தெருவுக்கு விசித்திரமாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் நாடக மேடை. 1577இல் வெளியான ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல், மக்பெத்தின் எதிரே தோன்றிய மூன்று பெண்களை 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்று சொல்லி, அதாவது விதியின் தேவதைகள் என்று உடனே விளக்கமும் தருகிறது. விளக்கம் தேவைப்பட்டதென்றால், தென் இங்கிலாந்தில் அந்தச் சொல் அப்போதே மங்கிவிட்டது என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியர் அந்தப் பெயரை நாடகத்துக்கு எடுத்துக்கொண்டார். 1623ஆம் ஆண்டுத் தொகுதியை அச்சுக் கோத்தவர்களுக்கும் சொல் புரியவில்லை போலும், எழுத்துக்கூட்டலையே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பார்வையாளர்கள் கண்டது தாடி வைத்த, புகைநடுவே கொப்பரை கிளறும் மூன்று கிழவிகளை. வியர்ட் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் அமானுஷ்யம் என்ற பொருளில் அதைப் பரப்பினார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் புளித்த பாலின் வாடையைக்கூட வியர்ட் என்கிறார்கள்.

'டூம்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அது நல்ல சட்டச் சொல். டூம் என்றால் தீர்ப்பு, ஆணை. பழைய ஆங்கில அரசர்களின் சட்டங்களே டூம்கள்தான். வெற்றியாளன் வில்லியம் 1086இல் நிலம், மாடு, கலப்பை எல்லாவற்றையும் எண்ணி எழுதவைத்த கணக்கேட்டை மக்கள் 'டூம்ஸ்டே புக்' என்று அழைத்தார்கள். அதில் எழுதப்பட்டதற்கு மேல்முறையீடு கிடையாது, இறுதித் தீர்ப்பு நாளைப்போல என்பதுதான் காரணம் என்று, அடுத்த நூற்றாண்டில் அரச கருவூலத்தின் நடைமுறைகளை விவரித்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதிவைத்திருக்கிறார். வரி அதிகாரியின் ஏட்டை உலக முடிவோடு ஒப்பிட்ட அந்தக் குடியானவர்களின் நகைச்சுவைக்கு ஒரு வணக்கம்.

அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள மேன் தீவில் உயர்நீதிமன்ற நீதிபதியை இன்றைக்கும் 'டீம்ஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். டூம் சொல்பவர். பதவியேற்கும்போது, ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு அதன் உடலின் நட்டநடுவில் இருப்பதைப்போலப் பக்கம் சாயாமல் நீதி வழங்குவேன் என்று உறுதிமொழி எடுக்கிறார். அங்கே டூம் ஒரு மனிதரின் வாயிலிருந்து வருகிறது, அவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, சாய்ந்தால் கேட்க ஆள் உண்டு. மற்ற இடங்களில் டூம் வெறும் அழிவு. 'வி ஆர் டூம்ட்' என்று கிரிக்கெட்டில் நான்கு விக்கெட் விழுந்ததும் சொல்கிறார்கள். தீர்ப்பளித்தவர் யார், எந்தக் குற்றத்துக்கு என்ற கேள்வி அந்தச் சொல்லிலிருந்து முற்றாகக் கழன்றுவிட்டது.

லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் வந்த சொற்களுக்கும் இதே கதிதான், ஆனால் அவை வேறு வேறு திசையில் பிரிந்தன. 'ஃபேட்' என்பது லத்தீனில் 'சொல்லப்பட்டது' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. தெய்வம் சொல்லிவிட்டது, ஆகவே நடக்கும். அதே குடும்பத்தில் பிறந்த 'ஃபேட்டல்' இன்று விதிக்கப்பட்டதை விட்டுவிட்டு உயிரைப் பறிப்பதைக் குறிக்கிறது. 'டெஸ்டினி'க்கு அடியில் இருப்பது உறுதியாக நிறுத்துதல், நிலைநாட்டுதல் என்ற வினை. பயணத்தின் சேருமிடத்தைக் குறிக்கும் 'டெஸ்டினேஷன்' அதன் உடன்பிறப்பு.

அன்றாடப் பேச்சில் இந்த இரண்டுக்கும் எழுதப்படாத வேலைப் பிரிவினை ஒன்று உண்டு. காணாமல்போன கப்பலின் ஃபேட் என்ன என்று கேட்பார்கள், டெஸ்டினி என்ன என்று கேட்கமாட்டார்கள். ஃபேட் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது, பெரும்பாலும் துயரமானது. டெஸ்டினி முன்னால் கிடப்பது, பெருமைக்குரியது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உரியது. 1940 மே மாதம் பிரதமர் பொறுப்பேற்ற இரவைப் பற்றிப் பின்னாளில் எழுதிய சர்ச்சில், டெஸ்டினியோடு நடந்து செல்வதுபோல உணர்ந்தேன் என்றார். அந்த இடத்தில் ஃபேட் என்று எழுதியிருந்தால் அவர் தூக்குமேடைக்குப் போவதுபோல ஒலித்திருக்கும்.

டெஸ்டினியின் பெருமைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. 1845இல் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஜான் ஓசல்லிவன், கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்காவின் 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி' என்றும், அந்தக் கண்டம் தங்களுக்குத் தெய்வத்தால் ஒதுக்கப்பட்டது என்றும் எழுதினார். டெக்சாஸ் இணைக்கப்பட்டது, மெக்சிகோமீது போர் தொடுக்கப்பட்டது, மேற்கே பூர்வகுடிகள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். இவற்றையெல்லாம் மனிதர்கள் கூட்டம் கூடி, வாக்களித்து, பணம் ஒதுக்கி, கையெழுத்திட்டுச் செய்தார்கள். டெஸ்டினி என்ற சொல் கையெழுத்துகளை மறைத்தது.

தமிழோடு இந்தச் சொற்கள் நேராக உரசிய இடம் ஒன்றும் உண்டு. வெஸ்லியன் சபையின் மிஷனரியாகத் தமிழகம் வந்து, பின்னர் ஆங்கிலிக்கன் குருவான ஜி.யு. போப், 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ஊழ் அதிகாரத்துக்கு 'ஃபேட்' என்று தலைப்பிட்டார். 'ஊழிற் பெருவலி யாவுள' என்னும் 380ஆம் குறளிலோ முதலடிக்கு டெஸ்டினி, அடுத்த அடிக்கு ஃபேட். எதுகைக்கும் சீருக்கும் அலைந்தவருக்கு இரண்டும் கைகொடுத்தன. மீட்பு யாருக்கு என்று கடவுள் முன்பே குறித்துவிட்டார் என்பதைச் சொல்லும், அவருடைய சபையின் சொந்தச் சொல்லான 'பிரீடெஸ்டினேஷ'னை அவர் தலைப்பாக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஊழுக்குப் பின்னால் முன்வினை இருக்கிறது, அதைச் செய்தவர் நாமே. பிரீடெஸ்டினேஷனுக்குப் பின்னால் கடவுளின் விருப்பம் மட்டுமே இருக்கிறது.

எவ்வளவு கறாராக 'மட்டுமே' என்பதைப் பார்க்கவேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை 1571இல் இறுதி வடிவம் கொடுத்த 39 கொள்கைகளில் பதினேழாவது இதைப் பற்றியது. உலகம் தோன்றுமுன்பே கடவுள் சிலரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற எண்ணம் பக்தர்களுக்குச் சொல்லமுடியாத இனிய ஆறுதல் என்கிறது. அடுத்த மூச்சிலேயே, ஆர்வக்கோளாறு பிடித்த உலகியல் மனிதர்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அழிவில் விழுவார்கள் என்று எச்சரிக்கிறது. ஆறுதலையும் அபாயத்தையும் ஒரே பத்தியில் வைத்த அந்தக் குழுவினர் மனித மனம் தெரிந்தவர்கள். 1646இல் முடிக்கப்பட்டு ஸ்காட்லாந்துத் திருச்சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் அந்த நயமெல்லாம் இல்லை. சிலர் நித்திய வாழ்வுக்கு, மற்றவர்கள் நித்திய மரணத்துக்கு. அந்த எண்ணிக்கை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

இதன் கீழ் வளர்ந்த நாட்டில் எதிர்ப்பும் அதே மொழியில் பிறந்தது. 1785இல் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய அங்கதக் கவிதையில், கோயில் மூப்பர் ஒருவர் மண்டியிட்டுக் கடவுளைப் புகழ்கிறார். ஒருவனைச் சொர்க்கத்துக்கும் பத்துப் பேரை நரகத்துக்கும் அனுப்புகிறாயே, அவர்கள் செய்த நன்மை தீமைக்காக அல்ல, உன் மகிமைக்காக! பிறகு தன் குடியையும் பெண் சகவாசத்தையும் ஒப்புக்கொண்டு, ஆனாலும் தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தானே என்று நிம்மதி அடைகிறார். 1824இல் ஜேம்ஸ் ஹாக் எழுதிய நாவல் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் மீட்பு உறுதி என்று நம்பும் இளைஞன் கொலைகளில் இறங்குகிறான்; எதைச் செய்தாலும் தேர்வு மாறாது அல்லவா?

மறுபக்கத்தில், வெஸ்லியன் சபைக்குப் பெயர் தந்த போதகர் ஜான் வெஸ்லி. 1739இல் பிரிஸ்டலில் இருந்தபோது பிரீடெஸ்டினேஷனை எதிர்த்துப் பிரசங்கம் செய்து அச்சிடலாமா கூடாதா என்று அவருக்குத் தயக்கம். நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட், தேர்வு கடவுளுடையதே என்ற கால்வினின் கொள்கைக்காரர், வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்தார். வெஸ்லி என்ன செய்தார்? சீட்டுப் போட்டுப் பார்த்தார். 'பிரசங்கம் செய், அச்சிடு' என்று வந்தது. மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்று அறிவிப்பதற்குச் சீட்டின் உத்தரவை வாங்கிக்கொண்டார்! ஒயிட்ஃபீல்ட் இந்தச் சங்கதியைத் தம் பதில் கடிதத்தில் போட்டு உடைத்தார். வெஸ்லி முரண்பட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டு மடியில் விழுந்தாலும் முடிவு கர்த்தருடையது என்கிறது பைபிளின் நீதிமொழிகள். அவருக்குச் சீட்டு என்பது கடவுளிடம் நேரடியாகக் கேட்பது. 'லாட்' என்ற அந்தச் சீட்டுச் சொல்லே வாழ்க்கையில் ஒருவருக்கு வாய்த்த பங்கையும், ஏலத்தில் வரும் பொருட்குவியலையும், மனைநிலத்தையும், லாட்டரியையும் பெற்றெடுத்தது.

இந்தப் பெரும் வழக்கிலிருந்து இன்றைய பேச்சுக்கு மிஞ்சியவை சில்லறைகள்தான். 'காட் வில்லிங்' என்பார்கள், ஏதோ ரயில் நேரத்துக்கு வந்தால் என்ற தொனியில். 'ரெப்ரோபேட்' என்பது கடவுளால் நிராகரிக்கப்பட்டவரைக் குறித்த நடுங்கவைக்கும் சொல். இன்று குடித்துவிட்டுக் கும்மாளமிடும் பெரிய மாமாவை அன்போடு திட்டப் பயன்படுகிறது. முன்னேற்பாடாகக் காக்கும் கடவுளைக் குறித்த 'பிராவிடென்ஸ்' ரோட் தீவு மாநிலத்தில் நகரத்தின் பெயராக இருக்கிறது. 1636இல் அங்கே குடியேறிய ரோஜர் வில்லியம்ஸ் நன்றியோடு வைத்த பெயர்.

சரி, பகடைப் பக்கம் போவோம். 'சான்ஸ்' லத்தீனில் 'விழு' என்னும் வினையின் வழித்தோன்றல். 'ஆக்சிடென்ட்', 'கேஷுவல்', 'கேஷுவல்டி' எல்லாம் அதன் உறவினர்கள், எல்லாமே விழுந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் 'ஹாஸர்ட்' என்ற பகடை ஆட்டம் பிரபலம். அதில் உருட்டுபவர் முதல் வீச்சிலேயே வெல்லவோ தோற்கவோ செய்யாவிட்டால், விழுந்த எண் அவருடைய சான்ஸ் ஆகிவிடும். அதுவோ, தோல்வி தரும் எண்ணோ விழும்வரை உருட்டிக்கொண்டிருப்பார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கதையில் ஒரு சூதாடி, என் சான்ஸ் ஏழு, உன்னுடையது ஐந்தும் மூன்றும் என்று கத்துகிறான். ஆக அவன் வாயில் சான்ஸ் ஒரு குறிப்பிட்ட எண். இன்று 'கிவ் மீ எ சான்ஸ்' என்று மேலாளரிடம் கேட்கும்போது அது தகுதியுள்ளவருக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டிய வாய்ப்பு. தமிழ்நாட்டில் சினிமாவில் சான்ஸ் தேடுபவர்களும் இந்தப் பிந்திய பொருளைத்தான் கைக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் பெயரான ஹாஸர்ட் இன்று ரசாயனக் கிடங்குச் சுவரில் எச்சரிக்கைப் பலகையாகத் தொங்குகிறது.

'லக்' 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சு, தாழ் ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. சூதாடிகளின் பையில் வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது வட கடலோடிகள் கொண்டுவந்த 'ஹேப்'. அதுவே 'ஹேப்பன்' என்ற வினையானது. 'பர்ஹேப்ஸ்' என்றால் ஹேப் எப்படியோ அப்படி. 'ஹேப்பி' என்றால் முதலில் அதிர்ஷ்டசாலி, பிறகே மகிழ்ச்சியானவர். அதிர்ஷ்டமும் மகிழ்ச்சியும் ஒரே சொல்லில் ஒட்டிக்கிடப்பது ஜெர்மன் மொழியில் இன்றுவரை தொடர்கிறது. மகிழ்ச்சி என்பது நாம் முயன்று அடைவது என்று சொல்லும் சுயமுன்னேற்றப் புத்தகங்களின் அட்டையில் பழைய நார்ஸ் அதிர்ஷ்டச் சொல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த காட்சி.

18ஆம் நூற்றாண்டில் பகடை கணக்கறிஞர்களின் மேசைக்கு ஏறியது. 1710இல் அரசியின் மருத்துவர் ஜான் ஆர்புத்நாட், லண்டனில் 82 ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவுகளை ஆராய்ந்து, ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம் என்று கண்டார். நாணயம் சுண்டினால் 82 முறையும் ஒரே பக்கம் விழுமா? ஆகவே இது சான்ஸ் அல்ல, பிராவிடென்ஸ் என்று முடிவுகட்டினார். புள்ளியியலின் முதல் சோதனைகளில் ஒன்று கடவுளுக்குச் சாட்சி சொல்லவே நடத்தப்பட்டது. பிரான்சில் புராட்டஸ்டண்டுகளை விரட்டியபோது லண்டனுக்கு ஓடிவந்த ஆபிரகாம் டி மாய்வர், 1718இல் வாய்ப்புகளின் கணக்கைப் பற்றியே பெருநூல் எழுதியவர். அவரும் சான்ஸை உலகை நடத்தும் ஒரு சக்தியாகப் பேசுவது பொருளற்ற வெற்று ஒலி என்றார். நிகழ்தகவுக் கணக்கில் இன்று எல்லோரும் உச்சரிக்கும் பெயருடைய தாமஸ் பேய்ஸ் ஒரு பிரஸ்பிட்டீரியன் போதகர். சான்ஸை ஆராய்ந்தவர்கள் நாத்திகர்கள் என்று எண்ணுபவர்களுக்கு இந்த வரிசை ஏமாற்றமாக இருக்கும்.

இதே நூற்றாண்டில்தான் இலங்கையின் பெயரைத் தாங்கிய சொல் பிறந்தது. 1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் வால்போல் தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் 'செரண்டிபிட்டி' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். தேடாததைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டடைவது. செரண்டிப் என்பது அரபுக் கடலோடிகள் இலங்கைக்கு வழங்கிய பெயர். சிம்ஹள த்வீபம் என்பதன் திரிபு என்பது பரவலான கருத்து, சேரன் தீவு என்று சொல்பவர்களும் உண்டு. வால்போல் படித்தது செரண்டிப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றிய கதை. பாரசீக மொழியில் அமீர் குஸ்ரோ 1302 வாக்கில் பாடிய காவியத்தில் அதன் வேர் இருக்கிறது. இத்தாலிய மொழியில் 1557இல் வெனிஸில் அச்சாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

அந்தக் கதை நமக்குப் புதிதல்ல. வழியில் காணாமல்போன ஒட்டகத்தைப் பார்க்காமலேயே, அது ஒற்றைக்கண், நொண்டி என்று சொல்லி மாட்டிக்கொண்டு, பிறகு எப்படித் தெரிந்தது என்று விளக்கி அரசனிடம் மரியாதை பெறுகிறவர்களின் கதை. தமிழில் அலகேச கதையின் நான்கு அமைச்சர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நடேச சாஸ்திரி 1888இல் அதை ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார். வலக்கண் தெரியாத ஒட்டகம் இடப்பக்கத் தழையை மட்டும் மேய்ந்திருந்தது. தடத்தில் ஒரு கால் சரியாகப் பதியவில்லை. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? வால்போல் நினைவிலிருந்து எழுதினார், ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாகவே ஆக்கிவிட்டார். நல்ல வேளையாக மதிநுட்பத்தைத் தம் வரையறையில் விட்டுவிடாமல் சேர்த்தார். பின்வந்தவர்கள் அந்தப் பாதியையும் கழற்றிவிட்டார்கள். இன்று பழைய புத்தகக் கடையில் ஒரு நூல் தட்டுப்பட்டாலே செரண்டிபிட்டி என்கிறார்கள். காலடித்தடத்தைப் படித்துக் காரணம் சொன்னவர்களுக்கு அதிர்ஷ்டசாலிப் பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

ஆள் மறைந்ததை நினைத்து வெளிப்படையாக வருந்தியவர் தாமஸ் ஹார்டி. 1866இல் எழுதி 1898இல் வெளியிட்ட 'ஹேப்' என்ற பதினான்கு வரிக் கவிதையில், பழிவாங்கும் தெய்வம் ஒன்று வானத்திலிருந்து, உன் துயரமே எனக்கு இன்பம் என்று சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன் என்கிறார். என்னைவிட வலியவன் செய்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாகலாம். அப்படி யாரும் இல்லையே! இருப்பவை மழையையும் வெயிலையும் மறைக்கும் குருட்டு 'கேஷுவல்டி'யும், கண்மங்கிய 'டூம்ஸ்டர்'களும்தான். கேஷுவல்டியைத் தற்செயல் என்றும் டூம்ஸ்டரைத் தீர்ப்பளிப்பவர் என்றும் பழைய பொருளில் தெரிந்தே கையாண்டிருக்கிறார். நீதிபதி ஆசனம் இருக்கிறது, அமர்ந்திருப்பவருக்குக் கண் தெரியவில்லை என்ற அந்தக் கசப்பை இன்றைய ஆங்கில வாசகர் அகராதி இல்லாமல் அனுபவிக்கமுடியாது.

ஆளில்லாத இடத்தில் ஆளை உட்காரவைக்க மனிதர்களுக்கு உள்ள ஆசை லேசில் போவதில்லை. பிரிட்டிஷ் அரசு 1956இல் வட்டிக்குப் பதிலாகப் பரிசு தரும் சேமிப்புப் பத்திரங்களை அறிவித்தபோது, எதிர்க்கட்சியின் ஹெரால்ட் வில்சன் அதை அருவருப்பான குலுக்கல் என்று சாடினார். 1957 ஜூனில் முதல் குலுக்கல் நடந்தது. நியான் குழாய்களின் மின் இரைச்சலிலிருந்து எண்களை எடுக்கும் அந்த இயந்திரத்தின் நீண்ட தொழில்நுட்பப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'எர்னி' என்று வந்தது. எர்னி எர்னஸ்டின் செல்லப் பெயர், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இருக்கும் பெயர். யாருடைய விருப்பமும் கலக்கக்கூடாது என்று இயற்பியலை நாடிச் செய்த கருவிக்கு ஓர் ஆளின் பெயரே வாய்த்தது.

எர்னி ஆபத்தில்லாதவர். ஆபத்து உள்ள பயன்பாடுகள் வேறு. பிரிட்டனில் ஒரு வட்டாரத்தில் கிடைக்கும் சிகிச்சை பக்கத்து வட்டாரத்தில் கிடைக்காவிட்டால் 'போஸ்ட்கோடு லாட்டரி' என்கிறார்கள். பத்திரிகைகளுக்குப் பிடித்தமான தொடர். ஆனால் அங்கே யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. எந்த மருந்துக்குப் பணம், எதற்கு இல்லை என்று ஒரு குழு கூடி முடிவெடுத்திருக்கிறது, கூட்டக் குறிப்புகூட இருக்கும். குறைசொல்லப் பிறந்த சொல்லே குறைக்கு உரியவரைத் தப்பவிடுகிறது.

'ஆக்ட் ஆஃப் காட்' என்ற சட்டத் தொடரிலாவது கடவுளின் பெயர் இருக்கிறது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் அது பல நூற்றாண்டுகளாக வழக்கில் உள்ளது. 1876இல் ஒரு வழக்கு: தனியார் வெட்டிய செயற்கை ஏரிகள் வரலாறு காணாத மழையில் உடைந்து பாலங்களை அடித்துச் சென்றன. ஏரிக்காரர் பொறுப்பல்ல, இது கடவுளின் செயல் என்று தீர்ப்பு. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இதற்கு நேரான லத்தீன் பெயர் 'டாம்னம் ஃபேட்டாலே', விதியால் வந்த நட்டம். 1917இல் கிரீனாக் நகராட்சி அதன் நிழலில் ஒதுங்கப் பார்த்தது. குழந்தைகள் விளையாடும் குளத்துக்காக ஓடையின் போக்கை மாற்றியிருந்தார்கள். பெருமழையில் வெள்ளம் திரும்பி ரயில் நிறுவனத்தின் சொத்தைச் சேதப்படுத்தியது. மழை அசாதாரணமானதுதான், ஆனால் ஓடையை மாற்றியவர் நீங்கள் என்று சொல்லி, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை நட்டஈடு கொடுக்கவைத்தது.

'ஆக்சிடென்ட்' மீதான சண்டை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், காயங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே கணிக்கவும் தடுக்கவும் கூடியவை என்று சொல்லி, அந்தச் சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. பிரிட்டிஷ் போலீசார் சாலை விபத்துகளை 'கொலிஷன்' என்று குறிக்கத் தொடங்கினார்கள். மோதல் என்றால் யார் மோதினார் என்ற கேள்வி எழும் என்பதே நோக்கம். 2016இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், அலட்சியம் குற்றஞ்சாட்டப்படும் அல்லது நிரூபிக்கப்படும் இடங்களில் ஆக்சிடென்ட் என்று எழுதுவதைத் தவிர்க்கும்படி தன் நடைக் கையேட்டில் சேர்த்தது. 1988ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ ஆக்சிடென்ட் என்றே பேசிக்கொண்டிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1895இல் ஒரு விசாரணை முறை சட்டமாயிற்று. பலமுறை திருத்தப்பட்டு இப்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. வேலையிடத்தில் விபத்தில் ஒருவர் இறந்தால், காவலில் இருக்கும்போது இறந்தால், ஷெரிஃப் என்று அழைக்கப்படும் நீதிபதி அமர்ந்து விசாரிப்பார். அதன் பெயர் 'ஃபேட்டல் ஆக்சிடென்ட் இன்குவைரி'. தெய்வம் சொன்னதும் பகடை விழுந்ததும் பெயரிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஷெரிஃப் எழுதித் தரவேண்டியவை சட்டத்தில் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன: மரணம் எங்கே, எப்போது நிகழ்ந்தது, காரணம் என்ன, நியாயமான எந்த முன்னெச்சரிக்கையை எடுத்திருந்தால் அது நிகழாமல் இருந்திருக்கக்கூடும், வேலைமுறையில் எந்தக் குறைபாடு அதற்குத் துணைபோனது.